பெஞ்சு நீச்சல்

மனிதகுலம் இதுவரை எழுதிய பாடத்திட்டங்கள் அனைத்தும் அரைகுறையானவை என்பது மே மாதம் ஆறாம் தேதி காலை பதினொன்றரை மணிக்கு, குடமுருட்டி ஆற்றின் கரையிலிருந்த ஒரு கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியில் முடிவு செய்யப்பட்டது. முடிவு செய்தவர்கள் நான்கு பேர். அவர்களில் ஒருவர் மேசை விசிறியின் பிளக்கைக் காலால் அழுத்திக்கொண்டிருந்தார். காலை எடுத்தால் விசிறி நின்றுவிடும். அவர்தான் ரெத்தினம் சார். நான்கு, ஐந்தாம் வகுப்புகள் அவருடையவை.

பங்குத்தந்தையும் பள்ளித் தாளாளருமான தமிழரசன் சாமியார் பெங்களூரில் மூன்று நாள் பயிலரங்கு முடித்து, 'முழுமைக் கல்வி' என்ற சொல்லோடு திரும்பியிருந்தார். பள்ளிக்கு அறைகள் மூன்று. ஒன்றில் திருவிழாச் சப்பரத்தின் சக்கரங்கள் கிடந்தன. பிள்ளைகள் முப்பத்தொரு பேர். அரசுப் பாடம் முடிந்தபின் மாலை மூன்று மணி முதல் அவர்களை முழுமையாக்குவது திட்டம். அதற்குப் பதினான்கு புலங்கள் வகுக்கப்பட்டன. ஆன்மா, மண், விண், இசை, உலகம் என்று போயிற்று. விண் என்ற புலத்தில் நட்சத்திரங்களைக் கற்பிக்க வேண்டும். மூன்று மணி வெயிலில் நட்சத்திரத்துக்கு எங்கே போவது என்று புதிதாகச் சேர்ந்திருந்த ஆஷிகா டீச்சர் கேட்டாள். சாமியார் யோசித்து, 'கற்பனை வழியாக' என்று ஓரத்தில் எழுதினார். ஓய்வுக்கு ஒன்றரை வருடம் பாக்கியிருந்த தலைமையாசிரியை ராசம்மாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். புத்தகம் சுருள் கம்பி வைத்த பைண்டிங்தானே?

ஆளுக்கொரு புலம் எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். ஆஷிகா இருபத்திரண்டு பக்கம் எழுதியிருந்தாள். ரெத்தினம் கொண்டுவந்தது ஒரு தாள். அதில் நாலு வரி. 'நீச்சல். மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை. இடம்: பெருமாள் கோயில் குளம். கற்றுத் தருபவர்: கீழத்தெரு வைத்தியலிங்கம். ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன்.'

தாள் கை மாறியது. அதன் காரணம் ஊருக்கே தெரியும். பதினோரு வருடத்துக்கு முன்னால், மேட்டூர் திறந்து முதல் தண்ணீர் ஊருக்குள் வந்த அன்று, ரெத்தினத்தின் மகன் அமலன் படித்துறையிலிருந்து குதித்தான். ஒன்பது வயது. கோடையில் மணல் எடுத்த பள்ளம் படித்துறைக்குப் பக்கத்திலேயே இருந்தது. தண்ணீர் அதைச் சமமாக மூடியிருந்தது. ரெத்தினம் அப்போது கரையில்தான் நின்றார். அதற்கு மேல் அவரை யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு ஜூனிலும் அவர் ஆற்றுப் பாலத்தைத் தவிர்த்து மூன்று கிலோமீட்டர் சுற்றிப் பள்ளிக்கு வருவார். சுற்றிச் சுற்றியே தேய்ந்துபோன அவருடைய சைக்கிள் செயின் பற்றி ஊரில் ஒரு கேலி உண்டு. காரணம் தெரிந்தவர்கள் அந்தக் கேலியில் கலந்துகொள்வதில்லை.

சாமியார் தொண்டையைச் செருமினார். கருத்து உன்னதமானது என்றார். ஆனால் பெருமாள் குளத்தில் மாதா கோயில் பிள்ளைகளை இறக்கினால் நாளைக்கே இரண்டு தரப்பும் நோட்டீஸ் அடிக்கும். பெண் பிள்ளைகள் என்ன உடுத்துவார்கள்? ஏதாவது ஆகிவிட்டால் எந்தப் பதிவேட்டில் எழுதுவது? அப்புறம் இந்த வைத்தியலிங்கம். வெற்றிலையும் வாயுமாக இருக்கிற மனுஷரை எப்படி அச்சில் போடுவது?

"வெளியாளு எதுக்கு சார்? நீங்களே இருக்கீங்க. ஆத்தங்கரையில பொறந்தவரு. உங்களவிட யாரு மனசு வச்சி சொல்லித்தரப் போறா?" என்றார் சாமியார்.

ரெத்தினம் வாயைத் திறந்தார். ராசம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார், கண்கள் கலங்கியிருந்தன. ஆஷிகா பேனாவை மூடிவிட்டுக் காத்திருந்தாள். ரெத்தினம் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார், பிளக்கை இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

"சரிங்க சாமி."

வைத்தியலிங்கம் பெயர் அடிக்கப்பட்டு அவர் பெயர் எழுதப்பட்டது. குளமும் அடிக்கப்பட்டது. பெங்களூரில் ஒரு படம் காட்டினார்கள் என்று சாமியாருக்கு நினைவு வந்தது. வெளிநாட்டில் எங்கோ பிள்ளைகள் முதலில் தரையில் படுத்துத்தான் கைகால் அசைக்கிறார்கள். நமக்குப் பெஞ்சு இருக்கிறது. முதலில் அசைவு, பிறகு தண்ணீர். ஆஷிகா அதற்கு 'நீர்வழி ஆளுமை' என்று தலைப்புக் கொடுத்தாள். ரெத்தினத்தின் முகத்தில் நிம்மதி போல ஒன்று வந்துபோனதை அவள் கவனித்தாள். பணிவு என்று நினைத்துக்கொண்டாள்.

பாடத்திட்டம் கும்பகோணத்தில் அச்சாகி வந்தது. எழுபத்திரண்டு பக்கம், சுருள் கம்பி. நீர்வழி ஆளுமை ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் இருந்தது. பள்ளி திறந்த இரண்டாவது வாரம் வெளியீட்டு விழா. மறைமாவட்டத்திலிருந்து ஒரு மூத்த குருவானவர் வந்து, இந்த நூல் டெல்டாவின் கல்வி வரலாற்றில் ஒரு கல்லணை என்றார். அவர் கையில் இருந்த பிரதியில் முப்பதாம் பக்கம் தலைகீழாகக் கோக்கப்பட்டிருந்தது. அவர் அதுவரை புரட்டவில்லை.

விழாவின் சிகரம் பெஞ்சு நீச்சல். பன்னிரண்டு பெஞ்சுகள், பன்னிரண்டு பிள்ளைகள். எல்லாரும் குப்புறப் படுத்திருந்தார்கள். ரெத்தினம் விசில் ஊத ஊத, கைகள் காற்றைக் கிழித்தன, கால்கள் உதைத்தன. நான்காம் வகுப்பு ஜஸீலா மூச்சை இழுத்துத் தலையைப் பக்கவாட்டில் திருப்பிய விதம் அச்சு அசலாக இருந்தது. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் வேகத்தில் பெஞ்சிலிருந்து விழுந்தான். எழுந்து, மறுபடி படுத்து, விட்ட இடத்திலிருந்து நீந்தினான். பெற்றோர்கள் கைதட்டினார்கள். ரெத்தினத்தின் விசில் ஒரு இடத்தில் சத்தமில்லாமல் வெறும் காற்றாக வந்தது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மேடையிலிருந்தவர்களும் துடைத்துக்கொண்டார்கள். மகனை நினைக்கிறார் மனுஷர், பாவம் என்று ராசம்மாள் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். அது உண்மையும்கூட.

விழா முடிந்து பொங்கலும் வடையும் கொடுத்துக்கொண்டிருந்தபோது, விழுந்த பையனின் தாய் மங்களாம்பிகை ரெத்தினத்திடம் வந்தாள். நடவுக்குப் போகிறவள். வீடு படித்துறையை ஒட்டி.

"எம்புள்ள பெஞ்சில நல்லாத்தான் நீந்துறான் சார். தண்ணியில எப்ப?"

ரெத்தினம் ஐம்பத்தெட்டாம் பக்கத்தைப் பற்றி ஏதோ சொன்னார். முதலில் அசைவு, பிறகு என்றார்.

"கல்லணை திறந்துட்டாங்க. நாளைக்குக் காலையில இங்க வந்துரும். நான் கட்டியா போட முடியும்? வீட்ல நான் இருக்க மாட்டேன். இதுங்க எல்லாம் சேந்து இறங்கத்தான் போவுது. பெஞ்சில கத்துக்கிட்டோம்னு சொல்லிக்கிட்டுத் திரியுதுங்க." பொங்கல் இலையை மறு கைக்கு மாற்றினாள். "நீங்க கரையில நின்னீங்கன்னா எனக்கு பயமில்ல சார். ஒரு தடவ பட்டவரு நீங்க. விட மாட்டீங்க."

வைத்தியலிங்கத்தைக் கூப்பிடலாம் என்று ரெத்தினம் முனகினார். அவர் மகளுடைய பிரசவத்துக்குச் சீர்காழி போயிருக்கிறாராம், வர ஒரு வாரம் ஆகும் என்றாள். மங்களாம்பிகை பொங்கல் இலையோடு இன்னும் நின்றாள். சொல்ல வேண்டியதைச் சொல்ல அவருக்கு அதைவிட நல்ல சமயம் வாய்த்திருக்காது. பக்கத்தில் சாமியார் மூத்த குருவானவருக்கு அவரைச் சுட்டிக்காட்டி, தன் துக்கத்தையே பாடமாக்கிய ஆசிரியர் என்று அறிமுகம் செய்துகொண்டிருந்தார்.

"நிக்கிறேன்மா" என்றார் ரெத்தினம்.

மறுநாள் காலை, பதினோரு வருடத்தில் முதல்முறையாக ஜூன் மாதத்தில் அவர் பாலத்தின் வழியாக வந்தார். தண்ணீர் முன்பே வந்துவிட்டிருந்தது. செம்மண் நிறத்தில், சருகும் நுரையும் செருப்பு ஒன்றும் சுமந்துகொண்டு, சத்தமில்லாமல் ஏறியது. பெண்கள் பூவும் நெல்லும் தூவிவிட்டு வயலுக்குப் போய்விட்டார்கள். மேல்படியில் பூ ஒட்டிக் கிடந்தது. பன்னிரண்டு பிள்ளைகளும் சட்டையைக் கழற்றியும் கழற்றாமலும் வரிசையாக நின்றார்கள், பெஞ்சில் படுத்த அதே வரிசையில். பள்ளம் இருந்த இடத்தில் தண்ணீர் மற்ற இடங்களைப் போலவே இருந்தது.

"சார், விசில்" என்றாள் ஜஸீலா.

ரெத்தினத்தின் அப்பா, பிள்ளைகளுக்கு வேதம் சொல்லித்தந்த உபதேசியார். படிக்கிற பிள்ளை ஆற்றில் இறங்கக் கூடாது என்று வளர்த்தவர். ரெத்தினம் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டு இரண்டு படி இறங்கினார். தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. பிள்ளைகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விசிலை வாயில் வைத்தார்.

ரெத்தினம் சாருக்கு நீச்சல் தெரியாது.