வினாடிக்கு முப்பது மீட்டர்

சந்தனம் ரிப்போர்ட்டை மேசை மேல் வைத்ததும், மேனேஜர் கிட்டுசாமி அதிலிருந்த எண்ணைத்தான் முதலில் பார்த்தார். மற்றதெல்லாம் படிக்க அவருக்கு எங்கே நேரம்?

பெருமாநல்லூரில் அந்தப் பனியன் கம்பெனியில் ஏழு வருடமாக, துணியின் ஓரத்தைக் கத்தியால் சீவிக்கொண்டே தைக்கும் ஓவர்லாக் மிஷின் ஓட்டுகிறாள் சந்தனம். மூன்று மாதமாக வலது கைவிரல்கள் மரத்துக் கிடந்தன. கோயம்புத்தூரில் நரம்பு டாக்டர் கையில் சின்னச் சின்னதாக ஷாக் வைத்து நரம்பின் வேகத்தைச் சோதித்தார். நரம்பு வெறும் ஒயர் இல்லை என்றார். அதன் மேல்தோலில் பொடிக் கதவுகள் உண்டு. ஒன்று திறந்தால் உப்புத்துகள் மின்னேற்றத்தோடு உள்ளே பாயும், அந்த அதிர்ச்சியில் அடுத்த கதவு திறக்கும், இப்படியே சேதி மூளைக்கு ஓடும். இவளுக்கு மணிக்கட்டில் நரம்பு நசுங்கி, மேலுறை தேய்ந்து, சேதி அங்கே வந்து தள்ளாடுகிறது. ஒன்றரை மாதம் மிஷினை விட்டால் தேறலாம். விடாவிட்டால் கை வீணாகிவிடும்.

அவள் கேட்டது, தைத்த பீஸைச் சரிபார்க்கும் செக்கிங் மேசைக்கு மாற்றம், அவ்வளவுதான்.

கிட்டுசாமி சாமளாபுரத்தில் விசைத்தறி மேஸ்திரியாக இருந்து வந்தவர். மீட்டர் என்று எங்கே கண்டாலும் அவருக்குத் தறிதான் ஞாபகம் வரும்.

“வினாடிக்கு முப்பது மீட்டர்னு போட்டிருக்குதே அம்மிணி! எங்க தறி நாள் முச்சூடும் ஓடுனாலும் அம்பது அறுபது மீட்டர் தாண்டாது. இந்த வேகம் பத்தாதா உனக்கு?”

“அம்பதுக்கு மேல ஓடணுமாம்யா. மணிக்கட்டுல வந்து மெதுவாப் போகுதுன்னு டாக்டரு சொல்றாக.”

“டாக்டர் தறி ஓட்டியிருக்காரா? சிப்மெண்ட் முடியட்டும், போய் உக்காரு.”

சந்தனம் மிஷினில் போய் உட்கார்ந்தாள்.

கால்மணி நேரம்கூட ஆகவில்லை. வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்த கிட்டுசாமி அலறினார்.

“அய்யோ, வெள்ளைப் பீஸ்ல ரத்தம்!”

சந்தனம் குனிந்து பார்த்தாள். மிஷினின் கத்தி அவள் ஆள்காட்டி விரல் நுனியைச் சீவியிருந்தது. நாலைந்து பீஸ் சிவந்து கிடந்தன.

“விரலை அறுத்துக்கிட்டு கம்முனு உக்காந்திருக்கறயே, சொல்ல மாட்டியா?”

“எனக்கே இன்னும் சேதி வரலைய்யா,” என்றாள். “வினாடிக்கு முப்பது மீட்டர்ல வந்துக்கிட்டிருக்கும்.”

கிட்டுசாமி அப்போதே அவளைச் செக்கிங்குக்கு மாற்றினார். வெள்ளையில் கறை பட்டால் சரக்கு வாங்கும் பையர் எடுக்க மாட்டானாம். விரலில் சுற்றிக்கொள்ள வேஸ்ட் துணியும் கொடுத்தார், சிவப்பாகப் பார்த்து.