தகுந்ததெனக் கருதினால்

வீல் என்று ஓர் அலறல். கூடம், சமையலறை, மாடிப்படி எல்லாம் அதிர்ந்தன. மடிக்கணினியைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓடினாள் அவள்.

மாமியார் கட்டிலுக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டில் இருந்த பட்டை சிவப்பாக மின்னிக் கத்திக்கொண்டிருந்தது. விழுந்தால் அலறி வீட்டாரைக் கூப்பிடுவதற்கென்று வாங்கிய பட்டை.

"அத்தை! விழுந்துட்டீங்களா?"

"விழலடி. பொத்தான் உருண்டு போச்சு, எடுக்க உக்காந்தேன். அதுக்குள்ள இந்தச் சனியன் ஒப்பாரி வைக்குது."

பட்டையை அமர்த்தும்போதுதான் அதன் அடியில் இருந்த நிறுவனத்தின் பெயரைப் பார்த்தாள். காலையிலிருந்து அவள் மண்டையைக் குடைவது இதே நிறுவனம்தான்.

எச்சரிக்கைக் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் எண்களுக்குப் பொதுவாக ஒரு பதிவேடு உண்டு. யார் செய்த கருவியானாலும் ஓர் எண்ணுக்கு ஒரே அர்த்தம். புது எண் கேட்டு வரும் விண்ணப்பங்களுக்குச் சரி அல்லது இல்லை என்று சொல்லும் நிபுணர் அவள். சம்பளம் கிடையாது, வசவு உண்டு.

இந்தப் பட்டைக்காரர்கள் யாரையும் கேட்காமல், காலியாக இருந்த நாற்பதாம் எண்ணுக்கு 'ஆள் விழுந்துவிட்டார்' என்று அர்த்தம் வைத்து, ஊரெல்லாம் விற்றுவிட்டார்கள். இப்போது வந்து, அதையே பதிந்து கொடுங்கள் என்கிறார்கள். அவர்களுக்கு முன்பே இன்னொரு நிறுவனம் ஒழுங்காக வரிசையில் நின்று, அதே நாற்பதை 'பேட்டரி தீரப்போகிறது' என்பதற்குக் கேட்டிருக்கிறது.

கேட்டவனைத் தள்ளிவிட்டு எடுத்தவனுக்குக் கொடுத்தால், நாளை எல்லோரும் எடுத்துவிட்டுத்தான் கேட்பார்கள். கொடுக்காவிட்டாலோ, விற்றுப்போன பட்டைகளில் எண்ணை மாற்ற வழியில்லை. எங்கோ ஒரு பெரியவர் விழுந்து கிடப்பார். வேறு நிறுவனத்துக் கருவியின் திரையில் பேட்டரியை மாற்று என்று வரும்.

விதியில் இருந்தது ஒரே வரி. 'நிபுணர் தகுந்ததெனக் கருதினால் பதியலாம்.' எது தகுந்தது? அதைப் பற்றி மூச்சே இல்லை.

பதிவேட்டுக் குழுவின் தலைவருக்குப் போன் போட்டாள்.

"சார், கேக்காம எடுத்தவங்களுக்குக் குடுக்கலாமா, கூடாதான்னு ஒரு வரி சேத்துடுங்களேன்."

"எல்லாத்தையும் விதியா எழுதிட்டா அப்புறம் நீ எதுக்கும்மா? நீயே பாத்துச் செய்."

"எங்க வீட்லயே அந்தப் பட்டை இருக்கு சார். இந்த விண்ணப்பத்தை நானே பாக்கலாமா?"

"அதையும் நீயே பாத்து முடிவு பண்ணிக்கோ." சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

நிராகரிக்கிறேன் என்று அடித்தாள். அழித்தாள். ஏற்கிறேன் என்று அடித்தாள். அதையும் அழித்தாள். கருவி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று அவள் பார்க்கலாமா? அதுவும் விதியில் இல்லை. ஆனால் இப்போதுதானே காதால் கேட்டாள்! பொத்தான் பொறுக்க உட்கார்ந்ததற்கே இந்த அலறல் என்றால், நிஜமாக விழுந்தால் சும்மா இருக்குமா? அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டு, 'முதியோர் பாதுகாப்பைக் கருதி' என்று ஆரம்பித்தாள்.

சுவரைப் பிடித்தபடி மாமியார் வந்து நின்றாள்.

"அத்தை, உங்க பட்டைக்காரங்க கேட்டதைக் குடுக்கப்போறேன். ஆயிரம் பேரைக் காப்பாத்துது இல்ல?"

மாமியார் முழங்கைவரை சுருட்டியிருந்த சட்டைக் கையை அவசரமாக இறக்கிவிட்டாள். அதற்குள் கை நீலமாகக் கன்றியிருந்ததை மருமகள் பார்த்துவிட்டாள்.

"உன் புருஷன்கிட்ட மட்டும் சொல்லிடாதே. நேத்து பாத்ரூம்ல நிஜமாவே விழுந்தேன்டி. இது வாயே தொறக்கல."