மூன்றாம் பாட்டு, நாலாம் அடி

உதடு மட்டும் அசைகிறது, சத்தமில்லை, மேசைக்கு அடியில் விரல் தாளம் போடுகிறது, எதிரே தேர்வாளர் காத்திருக்கிறார், நான் அந்த அறையில் இருந்ததே இல்லை, ஆனாலும் தினமும் பார்க்கிறேன், கனவா விழிப்பா என்று கேட்காதீர்கள், அவள் ஜெபராணி, நர்ஸ், என் மாணவி, அயர்லாந்து வேலைக்காக ஆங்கிலப் பேச்சுத் தேர்வுக்குப் போனவள், மூன்றாவது தடவை, இதுவும் போனால் வேலை வேறு யாருக்கோ. நாகர்கோவிலில் பேக்கரி மாடியில் என் வகுப்பு, ஆங்கில மரபுத்தொடர்களை நானே மெட்டுப் போட்டுப் பாட்டாக்கிக் கைதட்டிப் பாடவைப்பேன், கீழே பப்ஸ் தின்கிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள், எனக்குத் தலைகால் புரியாத பெருமை, மரபுத்தொடர் இல்லாமல் வாயைத் திறந்தால் மார்க் கிடையாது என்று வேறு அளந்துவிட்டிருந்தேன், யார் சொன்னது எனக்கு, யாரும் சொல்லவில்லை, ஒருநாள் வகுப்பில் ஜெபராணி தயங்கித் தயங்கி என்னிடம் வருகிறாள், முதல்ல இருந்து பாடுனாத்தான் மிஸ் நடுவுல உள்ளது வருது, தனித்தனியா எழுதித் தாங்களேன், ஏன், உன் குரல் அவ்வளவு மோசமா என்றேன், வகுப்பே சிரித்தது, அவளும் சிரித்தாள், பாவி நான்.

தேர்வாளர் கேட்டது என்னவோ சின்னக் கேள்வி, வேலையில் உங்களுக்குக் கஷ்டமான நாள் எது, பதினோரு வருஷம் தீக்காய வார்டில் நின்றவள், அவளுக்குத் தெரிந்த சாதாரண ஆங்கிலமே தாராளம், ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினேன் என்பதற்கான தொடர் மூன்றாம் பாட்டின் நாலாம் அடியில் இருக்கிறது, முதலடியிலிருந்து மனசுக்குள் பாடிக்கொண்டே வருகிறாள், வந்து சேர்வதற்குள் அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார், அதற்கு இன்னொரு பாட்டு, அரை மார்க்கில் போயிற்று எல்லாம்.

போன வாரம் தலைசுற்றல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் அவள்தான் வருகிறாள், என் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றுகிறாள், என்னை மன்னிச்சிரு ஜெபா என்றேன், அவள் நிமிரவில்லை, இப்பவும் வகுப்புல பாட்டுதானா மிஸ், ஆமா, பாட்டுக்காகத்தானே ஆள் வருது, சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது, வெட்கமாக இருந்தது, இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், பட்டை இறுகியது, பேசாதீங்க, பிரஷர் தப்பாக் காட்டும் என்றாள்.