விண்மீன் திரளுக்கு ஒரு தொட்டில்

அந்த வெள்ளிக்கிழமை மலேசியாவில் எங்கள் பொந்தியான் ஊர்க் கோயில் மண்டபத்தில் கட்டியிருந்த தொட்டிலில் யானைக்குட்டியையே போட்டு ஆட்டலாம். ஆனால் குழந்தை எதுவும் கிடையாது. என் மகள் லோஷினி கண்டுபிடித்த விண்மீன் திரளுக்குத்தான் மாலையில் பெயர்சூட்டு விழா.

‘மிகவும் இளமையானது’ என்று அவள் ஒரு தடவை சொன்னாள். ஓய்வு பெற்றபின் எனக்கு வேலை செய்வது வாய் ஒன்றுதான். பிரபஞ்சத்தின் கடைக்குட்டி என்று சாஆ என்ற ஊரிலிருக்கும் மைத்துனன் வரை பரப்பிவிட்டேன். கோயில் தலைவர் சபாபதி பேனரே அடித்துவிட்டார். காற்று கொஞ்சம் பலமாக அடித்திருந்தால் மண்டபம் பாய்மரக் கப்பலாகி சுமத்ரா போய்ச் சேர்ந்திருக்கும்.

காலையில் தேநீர் கொண்டுபோனேன். கணினி முன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“எல்லாம் போச்சுப்பா. அது குழந்தையே இல்ல.”

திரளின் நடுவே ஒரு கருந்துளை. அது இருபுறமும் பீய்ச்சும் தாரைகளின் முனைகள், ரேடியோ அலையில் இரண்டு பொட்டுகளாகத் தெரியும். பொட்டுகள் வருடத்துக்கு வருடம் விலகினால், இப்போதுதான் வளரத் தொடங்கியது என்று அர்த்தம். பழைய இரண்டு படங்களில் விலகியதுபோல் இருந்தது. அதை நம்பித்தான் நெதர்லாந்தில் ஒரு வேலைக்கு இவளை ஏறக்குறைய எடுத்துவிட்டார்கள். இன்று மாலைக்குள் கட்டுரையை அனுப்பினால் போதும். இங்கே அவளுடைய உதவித்தொகை இந்த மாதத்தோடு முடிகிறது. வேறு வேலை எங்கும் அமையவில்லை. காலையில் வந்த மூன்றாவது படத்தில் பொட்டுகள் மயிரிழைகூட நகரவில்லை. முன்பு விலகியதாகத் தெரிந்தது அளவெடுத்ததில் வந்த பிழை.

“நகரலன்னா என்னம்மா?”

“வயசானதுப்பா. சுத்தி வாயு அடைச்சுக் கெடக்கு. தாரை வெளிய வர முடியாம முட்டிக்கிட்டிருக்கு.”

“அந்தப் படத்த யாருக்கும் காட்டலல்ல? வேல கெடச்சப்புறம் காட்டலாம்லா.”

அவள் பார்த்த பார்வையில் ஆறிப்போன தேநீர் மறுபடி கொதித்தது.

“நீங்க பைக்ல சிங்கப்பூர் போவீங்களே. பாலத்துல ஜொகூர் பக்கமே நிக்கறப்போ ஒருத்தன் போட்டோ எடுத்தா, இப்பதான் கெளம்புனீங்கன்னு நெனப்பான். விடியறதுக்கு முன்னாடியே வந்து டிராஃபிக் ஜாம்ல மாட்டிக்கிட்டது அவனுக்கு எப்படித் தெரியும்? அந்த மாதிரி மாட்டுனதத்தான் நான் குழந்தைன்னு எழுதி வெச்சிருக்கேன்.”

“அந்த ஜாம்லதாம்மா எனக்குத் தாடி மொளச்சு, நரச்சு, கொட்டியும் போச்சு” என்றேன். எப்போதும் சிரிப்பாள். அன்று முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மாலை மண்டபத்தில் மைக்கை வாங்கி, “மன்னிச்சிருங்க, இது குழந்தை இல்ல” என்றாள்.

“அலமாக்! அப்போ தொட்டில்ல யாரப் போடறது, என்னையா?” என்றார் சபாபதி.

பாலத்து ஜாம் கதையையே சொன்னாள். மண்டபத்தில் பாதிப் பேர் அந்த ஜாமில் வெந்தவர்கள். சிரிப்பு அடங்கிப்போனது. பின்வரிசையிலிருந்து நாகம்மை கேட்டார்:

“இஞ்சினாச்சும் ஓடுதாம்மா?”

“ஓடுதுங்க ஆன்ட்டி. கருந்துளைக்குத் தீனி இருக்கற வரைக்கும் ஓடும்.”

“அப்புறம்?”

“சிலது ஒடச்சுக்கிட்டு வெளிய வந்து, பெருசா விரிஞ்சிடும். சிலது உள்ளயே அணஞ்சிடும். இது எப்படின்னு தெரியல.”

மேடைக்குப் பின்னால் போய், மூன்று படங்களோடும் கட்டுரையைத் திருத்தி அனுப்பினாள். நெதர்லாந்தில் அப்போது பட்டப்பகல். கேசரி ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. உங்கள் நேர்மைக்கு நன்றி, ஆனால் இந்த வேலை இளம் திரள்களை ஆராய்பவருக்கு மட்டுமே. திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

குருக்கள் தட்டோடு காத்திருந்தார். “அர்ச்சனை யார் பேருக்குங்க?”

சபாபதி லோஷினியின் முகத்தைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

“மாட்டிக்கிட்டதுக்குத்தான், சாமி. அதுக்கும் போடுங்க, நம்ம புள்ளைக்கும் போடுங்க.”

தட்டைத் தொட்டுக் கும்பிடக்கூட அவளுக்குக் கை எழவில்லை. நான்தான் அந்தக் கையைப் பிடித்துத் தூக்கினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அது சிங்கப்பூர்ப் பாலத்தைவிடக் கனமாக இருந்தது.