நாற்காலியை விட்டு எழாத புரதம்

சிறுநீரகத்தின் மெல்லிய திசு வடுவேறித் தடித்துப் போகும் நோய் ஒன்று உண்டு. அதற்குக் காரணமெனக் கருதப்பட்ட புரதத்தைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவந்த அவள், அந்த வெள்ளிக்கிழமை ஆய்வகத் தலைவர்முன் தலைகுனிந்து நின்றாள். தலைவருக்குக் ‘கத்தரி’ என்று பட்டப்பெயர். தேறாத ஆய்வுகளை வெட்டியெறியும் வேகத்தால் வந்தது.

“மருந்து அந்தப் புரதத்த நிறுத்துதா, இல்லியா?”

“நிறுத்துது சார்.”

“வடு குறையுதா?”

“இல்ல சார்.”

“செத்த பாம்ப எத்தன நாள்தான் அடிப்பீங்க? திங்கட்கிழமை மூடிடலாம்.”

அவளுக்கு மூட மனமில்லை. அவளுடைய கொழுந்தனுக்கும் அதே நோய்தான். மேலும், ஒரு புதிர் அவிழாமலே இருந்தது. அப்புரதத்தில் கை போன்றதொரு பள்ளம் உண்டு. அதனால் அது பிற புரதங்களின்மேல் பாஸ்பேட் என்னும் சிறு முத்திரையைக் குத்தும். முத்திரை பெற்றவை நார்களை நெய்து வடுவை வளர்க்கும் என்பதே அனைவரும் நம்பிய கதை. மருந்து பள்ளத்தை அடைத்தது, முத்திரை நின்றது, நார் மட்டும் நிற்கவில்லை. ஆனால் அப்புரதமே இல்லாதவாறு மரபணுவை நீக்கிய உயிரணுக்களிலோ வடு எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டிற்கு வந்தாள். குளியலறையில் வழுக்கி விழுந்து இரு மணிக்கட்டுகளிலும் மாவுக்கட்டுப் போட்டிருந்த மாமியார், கூடத்திற்கும் சமையலறைக்கும் நடுவே நாற்காலியில் வீற்றிருந்தார். கணவன் துணி மடித்துக்கொண்டிருந்தான். கொழுந்தன் அடுப்பருகே நின்றான். முதல்நாள் சண்டையால் அண்ணனும் தம்பியும் நேருக்குநேர் பேசவில்லை.

“அம்மா, உப்பு எங்கன்னு அவன்கிட்ட கேளு,” என்றான் தம்பி.

“பெரியவனே, உப்பு எங்கடா? சின்னவனே, அடுப்பக் குறை!”

கொழுந்தன் திரும்பினான். “பாருங்க அண்ணி! ரெண்டு கையும் கட்டு. அதிகாரம் எள்ளளவாவது குறைஞ்சிருக்கா?”

“கையத்தானேடா கட்டினாங்க? நாற்காலியிலேர்ந்து யாரும் கிளப்பலையே!” என்றார் மாமியார்.

சிரிக்கத் தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள். அப்புரதமும் முத்திரை குத்துவதற்காக இல்லாமல், தானாகச் சேராத இரண்டு புரதங்களை இணைப்பதற்காகவே நடுவில் அமர்ந்திருக்கிறதோ? அப்படியானால் கையைக் கட்டி என்ன பயன்?

கை முடமாக்கப்பட்ட புரதத்தின் மரபணு, ஒப்பீட்டுக்கென எப்போதோ செய்யப்பட்டு, உறைபெட்டியில் கிடந்தது. புரதமே இல்லாத உயிரணுக்களுக்குள் அதனைச் செலுத்திப் பார்க்க ஒருவருக்கும் தோன்றியதில்லை. திங்களன்று அவள் கத்தரியிடம் சென்றாள்.

“மூடறதுக்கு முன்னாடி ஒரு வாரம் குடுங்க சார். அந்தப் புரதம் மாதிரி சும்மா உக்காந்திருந்தே காரியம் நடத்தலாம்னு காட்டணும்.”

“அதுக்கு எதுக்கும்மா ஒரு வாரம்? என்னையே காட்டலாமே!” என்று சிரித்தவர், சற்று யோசித்து, “சரி, ஒரே வாரம்,” என்றார்.

வாரம் முடிந்தது. நுண்ணோக்கியின் கீழ், முடப்புரதம் புகுந்த உயிரணுக்களில் சாயமேற்றிய நார்கள் பச்சையாக ஒளிர்ந்து அடர்ந்திருந்தன. வடுவைக் கண்டு அவள் மகிழ்ந்தது அன்றுதான். கத்தரியும் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

“அப்ப கையப் பிடிச்சுப் பிரயோஜனமில்ல. ஆளையே கிளப்பணும். வழியிருக்கா?”

“செல்லுக்குள்ளயே வேண்டாத புரதத்த அரைச்சுத் தள்ற இயந்திரம் இருக்கு சார். ரெண்டு முனை உள்ள மூலக்கூறு ஒண்ணு கட்டணும். ஒரு முனை நம்ம புரதத்தப் பிடிக்கும், இன்னொண்ணு அந்த இயந்திரத்தக் கூப்பிடும். பிடிக்கிற முனை நம்ம பழைய மருந்தேதான்.”

“செத்த பாம்புக்கு உயிர் வந்துடுச்சா!” கத்தரி நிமிர்ந்தார். “கட்டுங்க. ஆனா இதயம், ஈரல்ல அந்தப் புரதம் எதத் தாங்கி நிக்குதுன்னும் பாருங்க. கிளப்பினா வேற எதுவும் சரிஞ்சுடக் கூடாது.”

அன்று மாலை செய்தி கேட்ட கொழுந்தன் கரண்டியும் கையுமாக வந்தான். “அண்ணி, அது எனக்குக் கிடைக்குமா?”

“தெரியலப்பா. இன்னும் பல வருஷம் ஆகும். ஆனா என்ன செய்யணும்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு.”

மாமியார் சின்னவனை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு மருமகளிடம், “அந்தப் புரதத்த நாற்காலியிலேர்ந்து நல்லாக் கிளப்பும்மா. ஆனா வீட்டுல ஒத்திகை பாத்துடாத!” என்றார்.

வாய்விட்டு முதலில் சிரித்தவன் கணவன். தம்பியின் தோளைத் தட்டி, “டேய், அடுப்புல ஏதோ கருகுது பாரு,” என்றான், சண்டைக்குப் பின் முதன்முறையாக நேராகவே.