மூன்று தண்ணீர்த் தொட்டிகள்

சுவரில் ஓடிய படத்தில் கோட்டு போட்ட ஒருவர் லிஃப்ட்டில் ஏறினார். கதவு மூடியது. கீழே தமிழில் எழுத்து வந்தது: "கழுதையை அவிழ்த்துவிடு, மழை வருது."

படத்தை நிறுத்தினேன். லிஃப்ட்டில் அவரைத் தவிர யாரும் இல்லை. கழுதையும் இல்லை.

இது வெள்ளிக்கிழமை சாயங்காலம், செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் என் ஜெராக்ஸ் கடையில். ஞாயிறு நாலு மணிக்கு எங்கள் திரைப்பட வட்டத்தின் திரையிடல். மாதம் ஒரு வெளிநாட்டுப் படம், தமிழ் சப்டைட்டிலோடு, ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹாலில் போடுவோம். படத்தைத் தேர்ந்தெடுப்பவர் ரங்கநாதன் சார், இன்சூரன்ஸ் ஏஜெண்டு. புரொஜெக்டரும் கம்ப்யூட்டரும் என் பொறுப்பு. ஆங்கில சப்டைட்டிலைப் பார்த்துத் தமிழில் எழுதுவது ஜெயசுதா, அவலூர்பேட்டையில் ஓர் உரக்கடையில் பில் போடுகிறவர்.

இந்தப் படத்துக்கு அவர் ஆயிரத்து நாற்பத்தாறு வரி எழுதியிருந்தார். இருபத்திரண்டு நாள், கடையில் ஆள் வராத நேரங்களில், போனில் தட்டித் தட்டி. காரணம் அவருடைய அக்கா கலைமதி. பன்னிரண்டு வயதில் வந்த காய்ச்சலில் கலைமதிக்குக் காது போய்விட்டது. தியேட்டரில் தமிழ்ப் படம் பார்த்தால், எல்லாரும் சிரித்து முடித்த பிறகு தங்கையின் கையைச் சுரண்டி என்னவென்று கேட்க வேண்டும். எங்கள் ஹாலில் அப்படி இல்லை. அங்கே எல்லாரும் படித்துத்தான் சிரிக்க வேண்டும். கலைமதி வேகமாகப் படிப்பார். முதல் சிரிப்பு அவருடையதாகத்தான் இருக்கும்.

"இன்னாண்ணா, கழுதையக் காணோம்?" என்றார் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த ஜெயசுதா.

"கலைப்படம்மா," என்றார் ரங்கநாதன் சார். "கழுதைன்னா கழுதையா? அது அவன் மனசு. அவுத்து வுட்றான்."

"நூத்தி எழுபதாவது வரில அதுக்குப் புல்லு போட்றாங்க சார்."

"மனசுக்கும் தீனி வேணும் இல்ல?"

சப்டைட்டில் என்பது பெரிய மாயம் ஒன்றும் இல்லை. சாதாரண எழுத்துக் கோப்புதான். ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண், எத்தனையாவது நொடியில் வர வேண்டும், எப்போது மறைய வேண்டும், என்ன வாசகம், அவ்வளவே. படத்தில் என்ன நடக்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அது கடிகாரத்தை மட்டும் பார்க்கும். நேரம் பார்த்து "திண்டிவனம் வண்டி புறப்படுகிறது" என்று மைக்கில் சொல்பவரைப் போல. வண்டி நிற்கிறதா என்று எட்டிப் பார்ப்பது அவர் வேலை இல்லை.

அதனால் பொருந்தாமல் போவதற்கு வழக்கமாக இரண்டே காரணங்கள். ஒன்று, எல்லா வரியும் ஒரே அளவு முந்தியோ பிந்தியோ வரும். எல்லாவற்றையும் சேர்த்துத் தள்ளினால் சரியாகிவிடும். இன்னொன்று, ஆரம்பத்தில் சரியாக இருந்து போகப் போக விலகும். அது வேகக் கோளாறு. கோப்பின் வேகத்தைப் படத்தின் வேகத்துக்கு மாற்ற வேண்டும்.

நாலு நொடி தள்ளினேன். கழுதை சமையலறையில் வந்தது. இருபது நொடி தள்ளினேன். பல் டாக்டர் ஒருவர் கழுதையை அவிழ்க்கச் சொன்னார். வேகத்தை மாற்றினேன், நாற்பது நிமிடம் பார்த்தோம், கரண்ட் போனது. கரண்ட் வந்ததும் மறுபடி முதலிலிருந்து.

"நான் எழுதுனதுலதான் தப்பா?" என்று ஜெயசுதா மூன்றாவது முறையாகக் கேட்டார். "படத்தக் காட்டுங்க, பார்த்துட்டு எழுதறேன்னு அப்பவே கேட்டேன்."

கேட்டார். நான்தான், படம் பெரிய கோப்பு, உங்கள் போன் தாங்காது, வரியைப் பார்த்து எழுதினால் போதும் என்று சொன்னவன். இன்னும் இரண்டு நொடி தள்ளிப் பார்த்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் அக்காவும் தங்கையும் வந்தார்கள். ரங்கநாதன் சார் முன்னாலேயே வந்து, திரையிடலை ரத்து செய்யலாமா என்று முனகிக்கொண்டிருந்தார். மறுபடி ஓட்டினேன். கலைமதி எழுத்தை ஓரக்கண்ணால்தான் படித்தார், முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் ஒரு கிழவர் வாயைத் திறந்து ஏதோ கத்தினார். கீழே "மார்த்தா! மார்த்தா! மார்த்தா!" என்று வந்தது.

"நிறுத்து எழிலு," என்றார் கலைமதி, எப்போதும் போல உரத்த குரலில். "மார்த்தான்னு சொல்லிப் பாரு."

சொன்னேன்.

"ஒதடு ஒட்டிச்சா? மூணு தடவ கூப்ட்டா மூணு தடவ ஒட்டணும். இவனுக்கு ஒரு தடவகூட ஒட்டல."

"நேரம் தள்ளிப் போயிருக்குக்கா," என்று கையால் காட்டினேன்.

"அப்ப முன்ன பின்ன எங்கயாவது ஒட்டணும் இல்ல? முழுசா ஓட்டு."

ஆள் பேரை யாரும் மொழிபெயர்ப்பதில்லை. எந்த ஊர்ப் படமானாலும் மார்த்தா என்று எழுத்தில் வந்தால் மார்த்தா என்று காதில் விழ வேண்டும். ஜெயசுதாவின் கோப்பில் அந்தப் பேர் முப்பத்தொரு இடத்தில் இருந்தது. சத்தத்தைக் கூட்டி வைத்து முழுப் படத்தையும் கேட்டோம். ஒரு மார்த்தா கூட இல்லை. காது நன்றாக இருக்கிற மூன்று பேர் இரண்டு நாளாக அதைக் கேட்காமல் உட்கார்ந்திருந்தோம்.

கடைசி வரியின் நேரத்தைப் பார்த்தேன். தொண்ணூற்றோராவது நிமிடம். சுவரில் ஓடிய படமோ நூற்றுப் பன்னிரண்டு நிமிடம். முதல் வரியை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், கடைசி வரியை ஒரு தடவையும் பார்க்கவில்லை. நேரக் கோளாறே இல்லை. இது வேறு படத்தின் வசனம்.

தேடினால் வரிசையாக வந்தது. ரங்கநாதன் சார் படித்து மயங்கி, படமாகப் பார்க்க ஆசைப்பட்டது ஒரு துருக்கி நாவலை. அதைப் படமாக யாரும் எடுத்ததே இல்லை. பாண்டிச்சேரியில் படங்கள் சேர்க்கும் தங்கராஜிடமிருந்து அவர் வாங்கி வந்தது எஸ்தோனியப் படம். ஆங்கிலப் பேரை வைத்துத் தேடி நான் இறக்கிய சப்டைட்டில் ஒரு பொலிவியப் படத்துடையது. நாவலின் பேருக்கு அவர்கள் மொழியில் பூமிக்கு அடியில் மழைநீர் சேர்க்கும் கிடங்கு என்று பொருள். எஸ்தோனியப் படத்தின் பேர் மொட்டைமாடி டாங்க். பொலிவியப் படத்தின் பேர் மலை மேல் கால்நடை தண்ணீர் குடிக்கும் இடம். அந்தந்த ஊரில் மூன்றும் வேறு வேறு பேர்கள். ஆங்கிலத்துக்கு வந்தபோது மூன்றுக்கும் ஒரே பேர் வைத்துவிட்டார்கள். அதை நாங்கள் 'தண்ணீர்த் தொட்டி' என்று தமிழாக்கி போஸ்டரும் ஒட்டிவிட்டோம்.

"என் நாவல்ல கழுதையும் இல்ல, லிஃப்ட்டும் இல்ல," என்றார் ரங்கநாதன் சார் எரிச்சலோடு.

"அப்ப முந்தாநாளு மனசுன்னீங்களே சார்?"

"அது முந்தாநாளு இல்லம்மா, நேத்து."

ஜெயசுதா சிரிக்கவில்லை. எஸ்தோனியப் படத்தின் ஆங்கில வசனத்தைத் தேடி எடுத்தேன். ஆயிரத்து இருநூறு வரி. ராத்திரி முழுக்க எழுதினால் பாதி முடியுமா என்று ரங்கநாதன் சார் கேட்டார்.

"இருவத்திரண்டு நாளு சார். யூரியா மூட்டை நடுவுல குந்திக்கினு எழுதனேன். கழுதைக்குத் தண்ணி காட்ற எடத்துல எங்க அக்கா சிரிக்கும்னு நாலு தடவ மாத்தி எழுதனேன். அத்த தூக்கிப் போட சொல்றீங்களா?" பையை எடுத்துக்கொண்டார். "இதோட நான் எழுதல."

தங்கை என்ன சொன்னாள் என்று கலைமதி என்னைக் கேட்டார். ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அதைப் படித்துவிட்டு, "வசனம் நல்லாத்தான இருக்குது? படம்தான தப்பு?" என்றார். "படத்த மாத்து."

இரண்டு நாளாக நாங்கள் படத்துக்குப் பொருந்தும் வசனத்தையே தேடிக்கொண்டிருந்தோம். ரங்கநாதன் சார் தங்கராஜுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"எந்தத் தொட்டி சார் வேணும்? எங்கிட்ட ரெண்டு இருக்குது. நீங்க எதுன்னு சொல்லல. மேல இருந்தத குடுத்தேன்."

ரங்கநாதன் சார் போனை முறைத்துப் பார்த்தார். பிறகு, "கழுத இருக்கிற தொட்டி," என்றார்.

ஞாயிறு காலை பாண்டிச்சேரி பஸ்ஸின் கண்டக்டரிடம், தங்கராஜ் கொடுத்தனுப்பிய பென்டிரைவை வாங்கினேன். உறை மேல் எழுதியிருந்த பேரை நம்பவில்லை. முதலில் நீளம்: தொண்ணூற்று நாலு நிமிடம். பிறகு கலைமதியைச் சுவருக்கு முன்னால் உட்கார வைத்தேன். மலைப்பாதையில் ஒருவன் கத்தினான்.

"ஒட்டுது," என்றார் கலைமதி. "மூணு தடவையும்."

நாலு மணிக்கு ஹாலில் போட்டோம். போஸ்டரை மாற்ற வேண்டிய அவசியம் வரவில்லை. கழுதை தண்ணீர் குடிக்க மறுத்த இடத்தில் முன்வரிசையில் ஒரு சிரிப்பு முதலில் கேட்டது. பக்கத்தில் ஜெயசுதா சுவரைப் பார்க்காமல் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது அடுத்த படத்தின் ஆங்கில வசனக் கோப்பை ஜெயசுதாவுக்கு அனுப்புவதற்கு முன் மூன்றைச் சரிபார்க்கிறேன். சொந்த மொழியில் படத்தின் பேர் படக் கோப்பிலும் வசனக் கோப்பிலும் ஒன்றுதானா, கடைசி வரி படத்தின் நீளத்துக்குள் முடிவையொட்டி வருகிறதா, எழுத்தில் இருக்கும் ஆள் பேர் காதில் விழுகிறதா. மூன்றும் சரியாக இருந்தால் அது அதே படம்.