மயக்க டாக்டரின் மதியத் தூக்கம்

முப்பத்தாறு வருஷம் ஒரே மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுத்தவர் அவர். எத்தனை ஆயிரம் பேரைத் தூங்க வைத்திருப்பார் என்று அவருக்கே தெரியாது. கண் விழித்தவர்கள் எல்லாரும் சர்ஜனுக்குக் கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவரை லிஃப்டில் பார்த்தால், "எத்தனாவது மாடி?" என்று கேட்பார்கள். மனைவிதான் வீட்டில் குறைப்பட்டுக்கொள்வாள். "என் மூஞ்சி அவங்களுக்கு ஞாபகம் இல்லன்னா வேலை ஒழுங்கா நடந்திருக்குன்னு அர்த்தம்" என்பார் அவர்.

அவர் போய் மூன்று வாரம் கழித்து மருத்துவமனையில் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். நீங்களும் ரெண்டு வார்த்தை பேச வேண்டும் என்று மனைவியிடம் போனில் கேட்டுக்கொண்டார்கள். அவள் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள். காலமெல்லாம் மற்றவர்களைப் பேசாதே என்று சொல்லியே சம்பளம் வாங்கியவளுக்கு மேடை ஏறிப் பழக்கமே இல்லை. ஆனாலும் சரி என்றுவிட்டாள். லீவு போட்டு வந்திருந்த மகள், சாப்பாட்டு மேஜையில் காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு, சொல்லும்மா எழுதுகிறேன் என்றாள்.

எங்கே ஆரம்பிப்பது? ஒரு தடவை பெரிய ஆபரேஷன் நடுவில் மூச்சு இயந்திரம் நின்றுபோய், மாற்று இயந்திரம் வந்து சேரும் வரை ரெண்டு மணி நேரம் ரப்பர் பையைக் கையாலேயே அமுக்கி அமுக்கி நோயாளிக்கு மூச்சு கொடுத்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவரால் ஸ்பூனைப் பிடிக்க முடியவில்லை. கை வலிக்கிறது என்றார், அவ்வளவுதான். மனைவி ஊட்டிவிட்டாள். எதிரே உட்கார்ந்திருந்த மகள், அப்போது சின்னப் பெண், அப்பா பாப்பா ஆயிட்டார் என்று கைகொட்டிச் சிரித்தாள். ஒரு வாரம் கழித்து யாரோ சொல்லித்தான் விஷயமே வீட்டுக்குத் தெரிந்தது.

மகள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். "நான் சிரிச்சேனா?"

"அவரும்தான் சிரிச்சார். அதை எழுதாதே, மேல கேளு."

மகளுக்குச் சளி பிடித்தால் வாசற்படியில் நின்று அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது ஒரு கை சீட்டில், இன்னொரு கை அவள் மணிக்கட்டு நாடியில். பயத்தில் துடிப்பு ஏறினால் சொல்லாமல் கொள்ளாமல் வேகத்தைக் குறைத்துவிடுவார். இத்தனையும் சொல்லி, மகளும் எழுதி, ஒரு பக்கம் நிரம்பியது.

ஒன்றை மட்டும் அவள் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு மதியத்தில்தான் பொழுது நகரவில்லை. சாப்பிட்டுவிட்டு அவள் கட்டிலில் சாய்ந்தால், பக்கத்தில் நாற்காலியைப் போட்டு பேப்பரோடு உட்கார்ந்துவிடுவார். பேப்பர் பேருக்குத்தான். கண் அவள் மேலேயே இருக்கும். அவள் தூங்கினால்தான் இவரும் படுப்பார். அதுவரை அசைய மாட்டார். மனுஷனுக்கு ஏற்கெனவே ரத்தக்கொதிப்பு. இது ஆகாது என்று அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். படுத்த ஐந்தாவது நிமிஷம் தூங்குவது போல நடிப்பாள். மூச்சை இழுத்து இழுத்து விடுவாள். நாற்காலி மெல்ல நகரும், கட்டிலின் அந்தப் பக்கம் அமுங்கும், கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்கும். பிறகுதான் இவள் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு நிஜமாகவே தூங்குவாள். ஏழு வருஷம் இப்படித்தான். அவரை ஏமாற்றியதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. அவர் போனதிலிருந்து மதியத்தில் பொட்டுத் தூக்கம் இல்லை. நடித்துக் காட்டவும் ஆள் இல்லை.

கூட்டம் காலையில், மருத்துவமனையின் மேல்மாடி ஹாலில். சர்ஜன் பேசினார், நிர்வாகி பேசினார். அடுத்ததாக, அவரோடு ஆபரேஷன் தியேட்டரில் இருபது வருஷம் நின்ற மூத்த நர்ஸ் எழுந்து வந்தார். ஆறு வயசுக் குழந்தை ஒன்றின் கதையைச் சொன்னார். மயக்கம் கொடுக்கும் முகமூடியைப் பார்த்து அரண்டுபோன அந்தப் பெண், கண்ணை மூடிக்கொண்டு தூங்குவது போல நடித்ததாம். தூங்கிவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று நினைப்பு. டாக்டர் எல்லாரையும் பார்த்து உதட்டில் விரலை வைத்தாராம். பாப்பா தூங்குது, சத்தம் போடாதீங்க என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, அது கையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தாராம். சர்ஜன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாராம். அதற்குள் குழந்தையின் பயம் வடிந்துவிட்டது.

"நடிக்கிறது உங்களுக்கு எப்படி சார் தெரியும்னு கேட்டேன்" என்றார் நர்ஸ். "தூங்குறவங்க இமையை இறுக்க மாட்டாங்க சிஸ்டர், அடிக்கடி எச்சில் முழுங்க மாட்டாங்கன்னார். இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூட அவரை ஏமாத்தினதில்ல."

முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவளுக்குத் திக்கென்றது. ஏழு வருஷ மதியங்களும் ஒரேயடியாக வந்து எதிரே நின்றன. தான் எச்சில் விழுங்கியது, இமையை இறுக்கியது, ஒரு நாள் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது எல்லாம். எந்தக் கண்ணிடம் போய் நடித்திருக்கிறாள்!

பேச அழைத்தார்கள். மைக் முன்னால் நின்று காகிதத்தை விரித்தாள். முதல் வரியே கண்ணுக்குத் தெரியவில்லை. மடித்துவிட்டு நர்ஸைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏம்மா, நான் தினமும் மத்தியானம் தூங்குற மாதிரி நடிச்சேன். அப்ப அவருக்குத் தெரிஞ்சிருக்குமா?"

நர்ஸ் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்: "தெரியாம இருக்குமாம்மா? நீங்க அவரைப் படுக்க வைக்கணும்னு நினைச்சீங்க. அவர் படுத்துட்டார்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் கூடவே வந்தது. அந்தக் குறட்டை நிஜமா என்று இனி யாரிடம் போய்க் கேட்பது? கடைசியில், அவர் நல்ல மனுஷன், என் பேச்சைக் கேட்டார் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள். அதற்குள் சர்ஜன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்திருந்தார்.

காரில் வரும்போது மகளிடம் அந்த ஏழு வருஷ மதியக் கதையை முழுசாகச் சொன்னாள். மகள்தான் வண்டி ஓட்டினாள். ஒரு சிக்னலில் நின்றபோது, "நல்ல ஜோடிம்மா நீங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்து ரெண்டு பேரும் இருந்ததைச் சூடு பண்ணிச் சாப்பிட்டார்கள். தாய் கட்டிலில் போய்ச் சாய்ந்தாள். சாயங்காலம் மகள் டீ போட்டுக்கொண்டு வந்து எழுப்பினாள். ஒரு தடவை கூப்பிட்டும் அவள் எழுந்திருக்கவில்லை. இமை இறுகாமல், மூச்சு சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் தூங்கட்டும் என்று மகள் டம்ளரை மூடி வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.